கழுவாத கால்

கண் தெரியாத லைஜ் பெட்டிட் பிப்ரவரியில் செத்துப்போனார். நிறைந்த வயது, நல்ல சாவு. சபை முழுக்க அழுது ஓய்ந்து, கோழியும் கீரையும் சாப்பிட்டுவிட்டு வீடு திரும்பியது. பாஸ்டர் ஹோஸியா டார்வர் மட்டும் அந்தச் சாவிலிருந்து எழுந்திருக்கவே இல்லை. பெற்ற தகப்பன் போனால்கூட மனுஷன் இப்படி உடைய மாட்டான் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். காரணம் எனக்குத் தெரியும். நான் அடுத்த வீட்டுக்காரி. அவர் மனைவி லூடி வேலிக்கு மேலே தலையை நீட்டி என்னிடம் சொல்லாத விஷயம் கிடையாது. லைஜ் போனதில் பாஸ்டருக்குத் துக்கம் பாதி, பயம் பாதி.

எங்கள் சபையில் செப்டம்பர் மாதம் கால் கழுவும் ஞாயிறு வரும். ரொட்டியும் திராட்சை ரசமும் கொடுத்து முடித்ததும் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கமாகப் பெஞ்சுகளைத் திருப்பிப் போட்டு எதிரெதிரே உட்காருவோம். ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண், ஒருவர் காலை ஒருவர் கழுவ வேண்டும். யாரோடு மனஸ்தாபமோ அவர் முன்னால் போய் முழங்காலிடுவதுதான் முறை. தண்ணீர்ப் பாத்திரத்தை உன் முன்னால் வைத்த பிறகு நீ காலை இழுத்துக்கொண்டால், நெஞ்சில் பகையை வைத்திருக்கிறாய் என்று அர்த்தம். அப்படி இழுத்துக்கொண்டவர்கள் அதன்பிறகு சபைப் பக்கம் தலைகாட்டியதில்லை.

பாஸ்டர் வந்த நாளிலிருந்து லைஜ் பெரியவரோடுதான் ஜோடி. அடுப்புக்குப் பின்னால் இருக்கிற இருட்டு மூலைக்கு அவரைக் கைத்தாங்கலாக அழைத்துப்போய் அங்கேதான் கழுவுவார், கழுவிக்கொள்வார். வயதானவரை எப்படி மதிக்கிறார் பார் என்று எல்லோருக்கும் பெருமை. மதிப்பாவது மண்ணாவது. லைஜுக்கு இரண்டு கண்ணும் கிடையாது. பாஸ்டருக்கு வலது காலில் மூன்று விரல் கிடையாது. லைஜின் கைக்குத் தெரிந்திருக்கும், ஆனால் வெளியே சொல்லுகிறவர் இல்லை. கணக்கு சரியாகப் போய்விட்டது.

விரல்கள் கொரியாவில் போனவை. சண்டையில் பட்டாளத்து லாரி ஓட்டினார். பனிக்காலத்தில் நனைந்த பூட்ஸோடு இரண்டு இரவு மலைப்பாதையில் மாட்டிக்கொண்டு, விரல்கள் கறுத்துப்போக, வெட்டி எடுத்தார்கள். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. ஊருக்குத் திரும்பி வர ஆசைப்பட்டு இந்தக் கறுப்பன்கள் வேண்டுமென்றே காலை உறைய விடுகிறார்கள் என்று ஒரு வெள்ளைக்கார அதிகாரி படுக்கைக்குப் பக்கத்தில் நின்று சத்தமாகச் சொல்லியிருக்கிறான். குண்டு பட்ட காயமென்றால் சட்டையைக் கழற்றிக் காட்டலாம். இந்தக் காலை யாரிடம் காட்டுவது? நவம்பரில் பட்டாளத்துக்காரர்கள் ஊர்வலம் போகும்போதுகூட, முதுகு வலி என்று சொல்லிவிட்டு வராந்தாவில் உட்கார்ந்திருப்பார்.

இதையெல்லாம் யாரிடமும் சொல்லக் கூடாது என்று கல்யாணமான புதிதில் லூடியிடம் சத்தியம் வாங்கியிருந்தார். நான் ஒருநாள் கொல்லைப் படியில் அவர் கால் கழுவும்போது கண்ணால் பார்த்துவிட்டேன். பார்த்தவளிடம் பேசுவது சொன்னதாகாது என்று லூடி தனக்குத்தானே ஒரு தீர்ப்பு எழுதிக்கொண்டாள். அந்தத் தீர்ப்பு மட்டும் இல்லாவிட்டால் அவளுக்குப் பைத்தியம் பிடித்திருக்கும்.

அந்த வருஷம் வேர்க்கடலை நல்ல விளைச்சல். செப்டம்பர் பிறந்தால் ஜார்ஜியாவின் தென்மூலையில் மூச்சுவிட்டால் செம்மண்ணும் கடலையும்தான் மூக்கில் ஏறும். நான் மில்லில் பெல்ட்டுக்கு முன்னால் நின்று கல்லும் சொத்தையும் பொறுக்குகிறவள். பாஸ்டருக்கு உலர்த்தும் கொட்டகையில் வேலை. எங்கள் சபையில் பாஸ்டருக்குச் சம்பளம் கிடையாது. கோழியும் கிழங்கும் மரியாதையும்தான். வயலிலிருந்து வருகிற கடலை வண்டிகளுக்கு அடியில் சூடான காற்றை விட்டு, கம்பியால் கிளறி, தரையைக் குழாய்த் தண்ணீர் அடித்துக் கழுவி, நாள் முழுக்க ஈரச் சிமெண்டில் நிற்க வேண்டும். இரும்பு மூக்கு வைத்த பூட்ஸ். வலது பூட்ஸின் நுனியில் விரல் இல்லாத இடத்தை அடைக்கக் கம்பளி ரோமம் திணித்திருப்பார்.

கால் கழுவும் ஞாயிறுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது லூடி அந்த பூட்ஸைக் கையில் தூக்கிக்கொண்டு வேலிக்கு வந்தாள்.

"ஏ ஓலா, உள்ள கைய விட்டுப் பாரு."

விட்டேன். ஆணி ஒன்று குத்தியது. அடித்தோலைத் துளைத்துக்கொண்டு அரை விரல் நீளம் உள்ளே நீட்டிக்கொண்டிருந்தது.

"காலைல இருந்து சாயங்காலம் வரைக்கும் இதுமேலதான் நடந்திருக்கான். தெரியலையாம். சாக்ஸைக் கழட்ட வரல, தண்ணி ஊத்தி ஊத்திப் பிச்சான். உள்ள வா, வந்து நீயே கேளு. நான் கேட்டா சுவத்துக்கிட்ட கேட்ட மாதிரி இருக்கு."

போனேன். அடுப்பில் பச்சைக் கடலை உப்புத் தண்ணீரில் வெந்துகொண்டிருந்தது. பாஸ்டர் நாற்காலியில் உட்கார்ந்து காலைத் துண்டால் மூடி வைத்திருந்தார். என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். வீட்டுக்குள் லூடி அவரைப் பேர் சொல்லி நீ என்றுதான் கூப்பிடுவாள். படி இறங்கிவிட்டால் பாஸ்டர், நீங்க. அந்த ஒழுங்கு மட்டும் எத்தனை சண்டையிலும் மாறியதில்லை.

"டாக்டர் என்ன சொன்னாருன்னு ஓலாகிட்ட சொல்லு," என்றாள் லூடி.

"டாக்டருங்க ஆயிரம் சொல்வாங்க."

"ஆயிரம் டாக்டர் இல்ல, ஒரே டாக்டர். பட்டாளத்து ஆஸ்பத்திரில நான் பக்கத்துலதான் உக்காந்திருந்தேன். சுகர் ஏறிக் கெடக்கு, கால்ல உணர்ச்சி போச்சு, தினமும் காலைத் திருப்பிப் பாருங்க, இனிப்பைத் தொடாதீங்க, புண்ணு வந்தா அன்னைக்கே வாங்கன்னாரு. அன்னைக்கேன்னா என்னைக்கு, ஹோஸியா?"

"அந்த ஞாயிறு முடியட்டும் லூடி. திங்கக்கிழமை காலைல நானே வண்டிய எடுக்கிறேன்."

"உன் வாய்ல திங்கக்கிழமை தவிர வேற கிழமை வந்து நான் கேட்டதில்ல."

"இப்ப ஆஸ்பத்திரிக்குப் போனா படுக்கப் போட்டுருவாங்க. கால் கழுவுற ஞாயித்துக்கிழமை பாஸ்டர் எங்கன்னு கேப்பாங்க. கால்ல என்னன்னு கேப்பாங்க."

"கேக்கட்டும். பனில விரல் போச்சு, சுகர்ல மிச்சம் போகப்போகுதுன்னு சொல்லு. நீ என்ன கோழி திருடியா கால ஒடிச்சுக்கிட்டே?"

அவர் துண்டை இழுத்துக் காலை நன்றாக மூடிக்கொண்டார். பிறகு மெதுவாக, பீடத்தில் பேசுகிற குரலில் ஆரம்பித்தார். "அங்கத்துல குறை உள்ளவன் பலிபீடத்துக்கிட்ட வரக் கூடாதுன்னு மோசே சட்டத்துல இருக்கு. என்னை பாஸ்டரா ஏத்துக்கிட்ட பெரியவங்க யாரும் என்னை பூட்ஸைக் கழட்டச் சொல்லல. நானும் கழட்டல."

லூடி கடலைக் கரண்டியை மேஜைமேல் வைத்தாள். "அதே மோசேதான் பன்னிக்கறியத் தொடாதேன்னும் சொல்லியிருக்காரு. போன வாரம் டீக்கன் மிம்ஸ் வீட்டுல ரெண்டு துண்டு தொடைக்கறி வாங்கித் தின்னியே, அப்ப மோசே எங்க போயிருந்தாரு? கடைக்கா?"

"அது வேற."

"எப்படி வேற?"

"அது வயிறு. இது பீடம்."

"ஆண்டவரே," என்று என்னைப் பார்த்தாள் லூடி. "இந்த மனுஷன் வாரம் தவறாம கிருபை கிருபைன்னு தொண்டை கிழியக் கத்துறான். ஊருக்கெல்லாம் கிருபை. இவன் காலுக்கு மட்டும் மோசே."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கு வரவில்லை. நான்கூடச் சொன்னேன், "பாஸ்டர், நான் வேணா டீக்கன் மிம்ஸ்கிட்ட பக்குவமா எடுத்துச் சொல்லட்டுமா?" என்று. அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். அதற்குள் லூடியே குறுக்கே விழுந்தாள்.

"வேணாம். நீ சொன்னா நான் சொன்னதாத்தான் நினைப்பான். அவன் வாயில இருந்து வரட்டும். வரலைன்னா கால் போகட்டும்."

சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, உப்புத் தண்ணீரில் துணியை நனைத்து அந்தப் புண்ணைத் துடைக்கப் போனாள். தொட விடவில்லை. துணியை அவரே வாங்கிக்கொண்டார். இத்தனை வருஷக் கல்யாணத்தில் அந்தக் காலை அவள் பார்த்திருக்கிறாளே தவிர, கழுவ அவர் விட்டதில்லை. படுக்கையில்கூட சாக்ஸ் போட்டுக்கொண்டு தூங்குகிற மனுஷன்.

கழுதைக்கு வாழ்க்கைப்பட்டால் உதைக்குப் பயப்படக் கூடாது என்பார்கள். லூடி உதைக்குப் பயப்படவில்லை. கழுதை நொண்டிவிடுமே என்றுதான் பயந்தாள்.

கால் கழுவும் ஞாயிறுக்கு முந்தின ஞாயிறு மதியம் பாஸ்டருக்குச் சாப்பாடு போடுகிற முறை மறுபடியும் டீக்கன் மிம்ஸ் வீட்டுக்கு. போட வேண்டிய வீட்டில் சாவு என்று அவர்களாகவே கேட்டு வாங்கிக்கொண்டார்கள். சபைக் காரியங்களில் பாஸ்டருக்குத் துணை நிற்கிற மிம்ஸ், மில்லில் கடலைத் தோல் உடைக்கிற இயந்திரத்தில் வேலை பார்த்தவர். அது அவர் வலது கையில் இரண்டு விரலைத் தின்றுவிட்டது. மீதி விரல்களால் வாரா வாரம் ரொட்டித் தட்டைத் தூக்கிக்கொண்டு பெஞ்சு பெஞ்சாக நடப்பார். நல்ல மனுஷன், ஆனால் மூக்கு நுனியில் கோபம். அவர் மனைவி ஆர்லீதியா செய்கிற பன்னிரண்டு அடுக்கு சாக்லேட் கேக்குக்கு இந்த வட்டாரத்தில் ஈடு கிடையாது. ஒவ்வொரு அடுக்கும் தோசை கனம்தான் இருக்கும். தனித்தனியாகச் சுட்டு, சூடு ஆறுவதற்குள் பாகு தடவி அடுக்க வேண்டும். ஒரு கேக்குக்கு ஒரு பகல் போய்விடும். அதை பாஸ்டருக்கு வைத்த பிறகுதான் வேறு யாருக்கும் வெட்டுவாள்.

பரிமாற உதவிக்கு நானும் போயிருந்தேன். கோழி, மக்காச்சோள ரொட்டி, பன்றிக்கால் போட்டு வேகவைத்த கீரை எல்லாம் ஆயிற்று. ஆர்லீதியா கேக்கைக் கொண்டுவந்து வைத்தாள். பாஸ்டர் அதைப் பார்த்தார். லூடி பாஸ்டரைப் பார்த்தாள்.

"வயிறு நிறைஞ்சிடுச்சு, சிஸ்டர் மிம்ஸ்," என்றார்.

"ஒரே ஒரு துண்டு, பாஸ்டர்."

"இன்னொரு நாளைக்கு."

"ஓரமா ஒரு கீத்து வெட்டட்டுமா?"

"வேண்டாம்மா."

ஆர்லீதியாவின் முகம் செத்துவிட்டது. கத்தியைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போனவள் திரும்பி வரவே இல்லை. மிம்ஸ் தன் தட்டை நகர்த்தி வைத்தார். சுகர் என்ற ஒரு சொல்லைச் சொல்லியிருந்தால் தீர்ந்திருக்கும். அந்த மேஜையில் பாதிப் பேருக்கு சுகர். ஆனால் சுகர் என்றால் கால் எப்படி இருக்கிறது என்றுதான் அடுத்த கேள்வி வரும். எங்கள் ஊரில் யாரும் அந்தக் கேள்வியைக் கேட்காமல் விட மாட்டார்கள்.

செவ்வாய்க்கிழமை மில்லில் பெல்ட் ஓடிக்கொண்டிருக்கும்போதே பேச்சு வந்துவிட்டது. பாஸ்டரை மேக்கன் டவுனில் ஒரு பெரிய சபை கூப்பிட்டிருக்கிறது; அங்கே மின்விசிறி இல்லை, ஏசி; அதனால்தான் இங்கே கை நனைக்க மாட்டேன் என்கிறார். எங்கள் ஜனங்களுக்கு இது ஒன்றுதான் தெரியும். பாஸ்டர் ஒரு வீட்டுக் கேக்கை வேண்டாமென்றால் வேறு ஊரில் யாரோ கேக் சுட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். அதற்கு மருந்தும் ஒன்றுதான் தெரியும்.

புதன்கிழமை சாயங்காலம் லூடி வீட்டு மேஜையில் ஐந்து கேக் இருந்தது. தேங்காய்க் கேக், எலுமிச்சைக் கேக், வெண்ணெய்க் கேக் இரண்டு, யாரோ ஒரு புண்ணியவதி சுட்ட கிழங்குக் கேக். கதவு தட்டும் ஓசை கேட்டாலே லூடி பல்லைக் கடித்தாள்.

"கொலை பண்றாளுக, ஓலா. வெண்ணெயும் சக்கரையும் போட்டு, மேல பழம் வெச்சுக் கொலை பண்றாளுக. நான் வாசல்ல நின்னு தேங்க்ஸ் சிஸ்டர், தேங்க்ஸ் சிஸ்டர்னு வாங்கி வாங்கி வைக்கிறேன். ரெண்டை நீ எடுத்துட்டுப் போ. ஒண்ணைப் பன்னிக்குப் போடு."

"பன்னிக்கா? கிழங்குக் கேக் சுட்ட சிஸ்டர் ரூபி கேட்டா செத்துருவா."

"அவ சாக மாட்டா. சாகப்போறவன் உள்ள உக்காந்து பிரசங்கம் எழுதிக்கிட்டிருக்கான்."

அந்த நேரம்தான் மிம்ஸ் வந்தார். தொப்பியைக் கழற்றவில்லை. வராந்தாவிலேயே நின்றார். பாஸ்டர் கதவருகே வந்து, வலது காலை நிலைக்குப் பின்னால் வைத்துக்கொண்டு நின்றார். நானும் லூடியும் அடுக்களையில் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டோம்.

"பாஸ்டர், நேராவே கேக்கிறேன். மேக்கன்ல இருந்து ஆள் வந்துச்சா?"

"எந்த மேக்கன்?"

"ஊர்ல எத்தனை மேக்கன் இருக்கு? போறதா இருந்தா எழுந்து நின்னு போறேன்னு சொல்லிட்டுப் போங்க. என் பொண்டாட்டி கேக்கைத் தள்ளி வெச்சுட்டுப் போகாதீங்க. அவ மூணு நாளா அடுப்புப் பக்கம் போகல. நான் கடையில வாங்கின பிஸ்கட்டைத் தின்னுக்கிட்டிருக்கேன்."

"நான் எங்கயும் போகல, பிரதர் மிம்ஸ்."

"அப்ப எங்க மேல ஏதாச்சும் கோபமா?"

"இல்ல."

"அப்ப என்ன?"

"ஒண்ணுமில்ல."

அடுக்களையில் ஒரு பாத்திரம் விழுந்தது. விழவில்லை, லூடி போட்டாள். மிம்ஸ் உள்ளே எட்டிப் பார்த்தார். மேஜைமேல் வெட்டாத கேக்குகள் வரிசையாக இருப்பதைக் கண்டார். தொப்பியை இன்னும் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார்.

"ஒண்ணுமில்லாததுக்கு இத்தனை கேக் சும்மா கெடக்காது," என்றார். "சரி, ஞாயித்துக்கிழமை பாப்போம்."

கால் கழுவும் ஞாயிறு வந்தது. வானம் மூடிக்கொண்டு காற்றில்லாமல் புழுங்கியது. கடலையைப் பெயர்த்துப் போட்டுவிட்டு மழைக்குப் பயந்துகொண்டிருந்தவர்கள்கூட வெள்ளைச் சட்டை போட்டு வந்திருந்தார்கள். பாஸ்டர் மேக்கனுக்குப் போகிறாரா இல்லையா என்று அன்றைக்குத் தெரிந்துவிடும் என்று சபை நிறைந்துவிட்டது. காலையில் அவர் ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு ஜோடி சாக்ஸ் போட்டுக்கொண்டதை லூடி பார்த்துக்கொண்டிருந்தாள். "நாத்தம் வருது ஹோஸியா," என்று சொல்லியும் பார்த்தாளாம். அவர் சாக்ஸுக்குள் கொஞ்சம் வாசனைப் பவுடரைக் கொட்டிக்கொண்டாராம்.

வாசிக்க அவர் எடுத்த பகுதி என்ன தெரியுமா? ஆண்டவர் துண்டைக் கட்டிக்கொண்டு சீஷர் காலைக் கழுவ வரும்போது, என் காலை நீர் தொடக் கூடாது என்று பேதுரு அடம்பிடிக்கிற இடம். வருஷா வருஷம் அதைத்தான் வாசிப்பார்கள், வேறு வழியில்லை. "பேதுருவுக்கு என்ன வீம்பு பாத்தீங்களா," என்று பீடத்தில் நின்று கேட்டார். "ஆமா பாஸ்டர், சொல்லுங்க," என்று பெஞ்சுகளிலிருந்து குரல் கொடுத்தார்கள். எனக்குப் பக்கத்தில் லூடி விசிறியை மடித்து மடியில் வைத்துக்கொண்டாள்.

பெஞ்சுகளைத் திருப்பிப் போட்டதும் அவருடைய திட்டம் தெரிந்தது. "இந்த வருஷம் லைஜ் பெரியவர் இல்ல. அதனால நான் ஜோடி சேரல. உங்க எல்லாருக்கும் தண்ணி ஊத்துற வேலையை நான் எடுத்துக்கிறேன்," என்றார். வாளியைத் தூக்கிக்கொண்டு நொண்டுவது தெரியாமல் மெதுவாக நடந்தார். அழகான தாழ்மை என்று இரண்டு பேர் கண்கலங்கினார்கள். நான் அந்தத் தந்திரத்தை நினைத்து வெறுத்துப்போய் உட்கார்ந்திருந்தேன்.

வாளி மிம்ஸ் இருந்த இடத்துக்கு வந்தது. மிம்ஸ் எழுந்தார். இடுப்பில் துண்டு கட்டியிருந்தார். பாஸ்டர் கையிலிருந்து வாளியை வாங்கிக் கீழே வைத்தார். தோளைப் பிடித்து அவரை பெஞ்சில் உட்கார வைத்தார். வெண்கலப் பாத்திரத்தை எடுத்து அவர் காலடியில் வைத்து, தண்ணீர் ஊற்றி, முழங்காலிட்டார்.

பாட்டு பாதியில் நின்றது.

"எனக்கு உங்க மேல வருத்தம் இருக்கு, பாஸ்டர்," என்றார் மிம்ஸ். "அதான் வந்தேன்."

"பிரதர் மிம்ஸ், இன்னைக்கு வேண்டாம்."

"வேறென்னைக்கு?"

பாஸ்டர் சுற்றிலும் பார்த்தார். சபை முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. காலை இழுத்தால் பகை. நீட்டினால் குட்டு உடையும். என் பக்கத்தில் லூடி முணுமுணுப்பது கேட்டது. "நீட்டு. நீட்டித் தொலை. நீட்டு ஹோஸியா."

இடது காலை நீட்டினார். மிம்ஸ் பொறுமையாகக் கழுவித் துடைத்தார். பிறகு வலது கால் நாடாவை அவிழ்த்தார். ஷூவைக் கழற்றினார். கம்பளி ரோமம் கீழே விழுந்தது. ஒரு சாக்ஸ். அதற்குள் இன்னொரு சாக்ஸ். பவுடர் வாசனை வந்தது, அதற்கடியிலிருந்து மற்றதும் வந்தது. முன் பெஞ்சுக்காரர்கள் முகத்தைத் திருப்பினார்கள். மிம்ஸ் திருப்பவில்லை. காலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். விரல் இல்லாத இடத்தையும் பார்த்தார், உள்ளங்காலில் ஆணி போட்ட கிணற்றையும் பார்த்தார்.

"எங்கம்மாவுக்கு இப்படித்தான் ஆரம்பிச்சுது," என்றார். உடனே கோபம் வந்துவிட்டது. "இந்தக் காலோட என் வீட்டுக்கு வந்து வயிறு நிறைஞ்சிடுச்சுன்னீங்களா? சுகர்னு ஒரு வார்த்தை சொல்ல வாய் வரலையா? நான் மேக்கனைத் திட்டிக்கிட்டிருந்தேன், பாஸ்டர். ஒரு வாரமா தினமும் மேக்கனைத் திட்டினேன்."

"விரல் கொரியாவுல போச்சு," என்றார் பாஸ்டர். அவ்வளவு பெரிய தொண்டையிலிருந்து சின்னக் குரல் வந்தது. "குறை உள்ளவன் பீடத்துல நிக்கக் கூடாது. நான் இத்தனை வருஷம் நின்னுட்டேன். உங்களை ஏமாத்திட்டேன். நீங்க வேற ஆளைப் பாத்துக்குங்க."

மிம்ஸ் தன் வலது கையைத் தூக்கி அவர் முகத்துக்கு நேரே காட்டினார். இரண்டு விரல் இல்லாத கை. தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"இந்தக் கையால நான் எத்தனை வருஷமா ரொட்டித் தட்டு தூக்குறேன்? என்னைக்காவது கீழ வைடான்னு சொன்னீங்களா?"

பாஸ்டர் பாத்திரத்துத் தண்ணீரைப் பார்த்தார்.

"சொன்னீங்களான்னு கேக்கிறேன்."

"இல்ல."

"அப்ப வாயை மூடிக்கிட்டு காலைக் குடுங்க."

மெதுவாக, ஓரம் மட்டும் கழுவினார். புண்ணில் தண்ணீர் படாமல் பார்த்துக்கொண்டார். இடுப்புத் துண்டை அவிழ்த்து அந்தக் காலைச் சுற்றிக் கட்டினார். அதுவரை அழாத ஆண்கள் அழுதார்கள். பெண்கள் பக்கத்தில் ஆர்லீதியா வாயைப் பொத்திக்கொண்டு, "நான் கீத்து வெட்டட்டுமான்னு கேட்டேனே, நான் கேட்டேனே," என்று புலம்பிக்கொண்டிருந்தாள்.

லூடி எழுந்தாள். கால் கழுவும் நேரத்தில் எந்தப் பெண்ணும் ஆண்கள் பக்கம் போனதாக எனக்கு நினைவில்லை. அவள் நேரே நடந்துபோய் அவர் முன்னால் நின்றாள்.

"ஹோஸியா, எந்திரி," என்றாள்.

சபைக்குள் அவள் அவரைச் சத்தமாகப் பேர் சொல்லி யாரும் கேட்டதில்லை. அவரே திடுக்கிட்டார்.

"இன்னும் ஆசீர்வாதம் சொல்லல, லூடி."

"வண்டில சொல்லு."

மிம்ஸ் ஒரு பக்கம், இன்னொரு டீக்கன் ஒரு பக்கம் பிடித்துத் தூக்கிக்கொண்டு போனார்கள். சபை மொத்தமும் மரத்தடிக்கு வந்துவிட்டது, பாதிப் பேர் வெறுங்காலோடு. பாஸ்டர் வண்டிக் கண்ணாடியை இறக்கி, கையை வெளியே நீட்டி ஆசீர்வாதத்தை ஆரம்பித்தார். லூடி காத்திருக்கவில்லை. ஆமென் சொல்லும்போது வண்டி தபால் ஆபீஸைத் தாண்டியிருந்தது. நாங்கள் தூசியைப் பார்த்து ஆமென் சொன்னோம்.

அந்தப் பாதத்தின் முன்பாதியை வெட்டி எடுத்துவிட்டார்கள். குதிகாலும் மேலேயும் தப்பித்தது. இன்னும் சில நாள் போயிருந்தால் முழங்காலோடு போயிருக்கும் என்று டாக்டர் லூடியிடம் சொன்னாராம். அதை அவள் அவரிடம் எத்தனை தடவை சொல்லிக் காட்டினாள் என்று கேட்காதீர்கள். நவம்பரில் கோலூன்றி வந்தார். பீடத்துக்குப் பின்னால் ஒரு உயர முக்காலி போட்டார்கள். மோசேயைப் பற்றி யாரும் பேச்செடுக்கவில்லை.

ஆர்லீதியா வாரம் ஒருநாள் கீரை கொண்டுவருவாள். பன்றிக்கால் கிடையாது, சர்க்கரை கிடையாது, உப்பு பேருக்கு. முதல் வாய் வைத்ததும் பாஸ்டர் முகத்தைச் சுளித்தார்.

"சிஸ்டர் மிம்ஸ், இது வாய்க்கு விளங்கலையே."

"வாய்க்கு ஆக்கல, பாஸ்டர். காலுக்கு ஆக்கினது. முழுங்குங்க."

முழுங்கினார். லூடி அன்றைக்குத்தான் கொஞ்சம் சிரித்தாள்.

ஆனால் அவளுக்கு எரிச்சல் ஓய்ந்துவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். முழுதாக இருக்கிற இடது காலைத் தினமும் சாயங்காலம் வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவிப் பார்க்க வேண்டும், உணர்ச்சி இருக்கிறதா என்று கேட்க வேண்டும் என்பது டாக்டர் உத்தரவு. இப்போது கழுவ விடுகிறார், அதுவரைக்கும் பெரிய விஷயம். ஆனால் கேட்டால், தெரியுது, நல்லாத் தெரியுது என்பார். தினமும் அதே பதில். நம்புவதா வேண்டாமா என்று அவளுக்குத் தெரியாது.

ஜனவரியில் ஒருநாள் அவர்கள் வீட்டில் கேஸ் தீர்ந்துவிட்டது. அவர் சபைக்குப் போயிருந்ததால் அது அவருக்குத் தெரியாது. லூடி என்னிடம் கேத்தலில் தண்ணீர் சுடவைத்துக் கொண்டுவரச் சொன்னாள். நான் கொண்டு போனபோது அவர் ஏற்கெனவே நாற்காலியில் உட்கார்ந்து காலைப் பாத்திரத்தில் வைத்திருந்தார். பாதிவரை குழாய்த் தண்ணீர். வெளியே வாளியில் மேல்தோலாக ஐஸ் படிந்த நாள் அது. லூடி துணி எடுக்க உள்ளே போயிருந்தவள் அப்போதுதான் வந்தாள்.

"இன்னைக்கு நல்லா இதமா சுட வெச்சிருக்க, லூடி," என்றார் அவர்.

லூடி என் கையிலிருந்த கேத்தலைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். அவர் எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு, கடைசியில் கேத்தலைப் பார்த்தார். ஆவி வந்துகொண்டிருந்தது.

அவள் கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. கேத்தலை வாங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, முழங்கையை விட்டுப் பதம் பார்த்தாள். கீழே உட்கார்ந்து, இரண்டு கையாலும் அந்தக் காலைப் பிடித்துக்கொண்டாள்.

"மறுபடியும் கேக்கிறேன், ஹோஸியா. என் கை தெரியுதா?"

அவர் ரொம்ப நேரம் தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரியல, லூடி," என்றார். "ஒண்ணுமே தெரியல."

"சரி," என்று சொல்லிவிட்டு அவள் விரல் இடுக்குகளில் துணியை விட்டுத் துடைக்க ஆரம்பித்தாள்.